கணக்கு ஆசிரியர் நூலகத் தந்தை ஆன கதை



உங்கள் ஊர் நூலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர், திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு நூலகத்தைப் பார்க்கலாம். காலையில் பெரியவர்கள் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்கான தேர்வு எழுதப்போகும் அண்ணன்களும் அக்காக்களும் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உள்ளே போகலாம். அலமாரியில் உள்ள புத்தகத்தைக் கையால் எடுத்துப் புரட்டலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? நூறு வருடங்களுக்கு முன்பு இது பெரிய அதிசயம்தான்! அந்தக் காலத்தில் புத்தகம் என்றால் பத்திரமாகப் பூட்டி வைக்கவேண்டிய பொருள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்ற ஊரில் உள்ள தேவாலயத்தில் அப்படிப்பட்ட சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம்.

சங்கிலியை அறுத்து, பூட்டைத் திறந்து, புத்தகத்தை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் ஒரு தமிழர். அவர் ஒரு கணக்கு ஆசிரியர். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழி ராமாமிருதம் ரங்கநாதன் என்பது முழுப்பெயர்.

சீர்காழிதான் அவருடைய ஊர். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தார். ஆறு வயது நிரம்புவதற்குள் தந்தையை இழந்தார். தாத்தா பள்ளி ஆசிரியர். அவருடைய அரவணைப்பில்தான் பையன் வளர்ந்தான். சிறுவன் ரங்கநாதனுக்கு ஒரு குறை இருந்தது. பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட பையன்தான் பின்னாளில் ஆசிரியரானான், நாடு நாடாகப் போய்ச் சொற்பொழிவும் செய்தான்!

சீர்காழியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியருக்கு இவர்மேல் மிகுந்த பிரியம். இந்த ராஸ் துரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவில் மறுபடியும் வருவார்.

பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் படித்து, 1917-ஆம் ஆண்டு மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்து கோயம்புத்தூர், அதற்கும் அடுத்து சென்னை மாநிலக் கல்லூரி. மற்ற ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்திக்கொண்டிருக்க, இவர் மாணவர்களை நூலகத்துக்கு அனுப்புவார். தேடிப் படித்துவிட்டு வரச் சொல்லி, வந்தபின் விவாதிப்பார். ஆசிரியர்களின் சம்பளம் குறைவாக இருக்கிறது என்று அவர்களுக்காக வாதாடவும் செய்தார். ஓர் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்!

அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகர் தேவை என்று விளம்பரம் செய்தது. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகத் துறையில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. ரங்கநாதனுக்கு அந்த வேலையில் விருப்பமே கிடையாது. சம்பளம் அதிகம் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பம் போட்டார். நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டு போனார். நூலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கணித வரலாற்றில் ஆராய்ச்சி செய்திருந்ததால் வேலை அவருக்கே கிடைத்தது.

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாரம் போவதற்குள் வெறுத்துவிட்டது! சுற்றிலும் புத்தகங்கள். பேச ஆள் இல்லை. துள்ளித் திரியும் மாணவர்களோடு பழகியவருக்கு அந்த அமைதி சிறைச்சாலை மாதிரி இருந்தது. பழைய கல்லூரிக்கே ஓடி, என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முதல்வரிடம் கெஞ்சினார். பல்கலைக்கழகம் எப்படியும் உங்களை லண்டனுக்குப் படிக்க அனுப்பப்போகிறது, போய்விட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் இந்த இடம் உங்களுக்கு உண்டு என்று முதல்வர் சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார். அந்த முதல்வர் மட்டும் உடனே சரி என்று சொல்லியிருந்தால் நமக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

லண்டனில் நூலகக் கல்வி படித்தார். அதைவிட அவரை மாற்றியது அவர் கண்ணால் கண்ட காட்சிகள். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். தொழிற்சாலையில் வேலை முடித்துவிட்டு நேராக நூலகத்துக்கு வரும் தொழிலாளிகள், வீட்டு வேலைகளுக்கு நடுவே புத்தகம் மாற்ற வரும் பெண்கள், தங்களுக்கென்று தனிப் பகுதியில் உட்கார்ந்து படிக்கும் குழந்தைகள்! பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லாமல் ஊரே வந்துபோகும் இடமாக நூலகம் இருந்தது. நம் ஊரிலோ நூலகம் என்றால் படித்தவர்களில் சிலர் மட்டும் போகும் இடம். அப்போதுதான் தன் வேலை என்ன என்பது ரங்கநாதனுக்குப் புரிந்தது. புத்தகத்துக்குக் காவல் இருப்பதில்லை, புத்தகத்தை ஊருக்குக் கொடுப்பதுதான் நூலகர் வேலை!

லண்டனில் நடந்த இன்னொரு சம்பவத்தை உங்களுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். ஒரு நாள் அங்குள்ள பெரிய கடை ஒன்றுக்குள் போனார். விளையாட்டுப் பொருள் பகுதியில் மெக்கானோ என்ற விளையாட்டை வைத்து ஒருவர் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார. உள்ளே இரும்புத் துண்டுகள், சிறு சக்கரங்கள், திருகாணிகள். அவற்றை ஒரு விதமாகச் சேர்த்தால் ஒரு பொம்மை. பிரித்து வேறு விதமாகச் சேர்த்தால் வேறொரு பொம்மை. மற்றவர்கள் பொம்மையைப் பார்த்தார்கள். ரங்கநாதனுக்குப் புத்தக அலமாரி தெரிந்தது!

ஏன் தெரியுமா? ஆயிரக்கணக்கான புத்தகங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பது நூலகர்களுக்குப் பெரிய தலைவலி. அப்போதிருந்த முறைகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஓர் எண் ஒதுக்கியிருப்பார்கள். புதிதாக ஒரு பாடம் பிறந்தால் அதற்கு இடம் இருக்காது. ரங்கநாதன் என்ன செய்தார்? பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, தேவைக்கு ஏற்றபடி இணைத்தார். நுரையீரல் காசநோய்க்கான சிகிச்சை பற்றி ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கு எல் என்ற ஆங்கில எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6. இவற்றை வரிசையாகக் கோத்தால் அந்தப் புத்தகத்தின் முகவரி தயார்! கோப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட திருகாணி நாம் தமிழில் முக்காற்புள்ளி என்று சொல்லும் குறி. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அதனால் இது கோலன் பகுப்பு முறை ஆயிற்று. ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே இந்த முறையில் அடுக்கிச் சோதித்துப் பார்த்தாராம். 1933-ஆம் ஆண்டு இது புத்தகமாக வந்தது.

1925-ஆம் ஆண்டு சென்னைக்குத் திரும்பினார். மாநிலக் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை! நூலகத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்கூட வேலை செய்தார். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்று மாற்றினார். புத்தகம் தொலைந்துபோகுமே, கிழிந்துபோகுமே என்று பயந்தவர்கள் இருந்தார்கள். தொலைவதைவிட யாரும் தொடாமல் கிடப்பதே பெரிய நஷ்டம் என்பது ரங்கநாதனின் கணக்கு.

இந்தக் கணக்கு இன்றும் சிலருக்குப் புரிவதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கதைப் புத்தகங்கள் எல்லாம் ஓர் இரும்பு பீரோவில் இருந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் பீரோ திறக்கும், தூசு தட்டுவார்கள், மாலையில் மறுபடி மூடும். அந்தப் புத்தகங்கள் கிழியவே இல்லை. புத்தம் புதிதாகவே செல்லரித்துப் போயின.

சரி, ராஸ் துரை மறுபடி வரும் இடத்துக்கு வந்துவிட்டோம். நூலக வேலைக்கு அடிப்படையான விதிகள் என்னென்ன என்று ரங்கநாதன் 1928-ஆம் ஆண்டு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். கணிதக்காரர் அல்லவா? எதையும் நாலைந்து விதிகளுக்குள் அடக்கிவிட வேண்டும் அவருக்கு. ஒரு மாலை ராஸ் அவருடைய அறைக்கு வந்தார். சீடனின் குழப்பத்தைக் கேட்டார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே இருக்கின்றன, இதுதானே உன் முதல் விதி என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது! மற்ற நான்கும் தானாக வந்து சேர்ந்தன.

அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாராக இருந்தாலும் அவருக்குத் தேவையான புத்தகம் கிடைக்க வேண்டும். எந்தப் புத்தகமும் தனக்குரிய வாசகர் வராமல் காத்துக்கிடக்கக் கூடாது. தேடி அலையவைத்து வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது: நூலகத்தை அவர் செடி மாதிரி, குழந்தை மாதிரி வளரும் உயிராகப் பார்த்தார். புதுப் புத்தகமும் புது வாசகரும் வரவில்லையென்றால் அதற்கு உயிர் போய்விடும். இந்த ஐந்து விதிகளையும் விளக்கி அவர் எழுதிய நூல் 1931-ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று உலகின் எந்த நாட்டில் நூலகப் படிப்பு படித்தாலும் இந்த விதிகளைப் படிக்காமல் தாண்ட முடியாது.

யாராக இருந்தாலும் என்றோமே, அதில் கிராமத்து விவசாயியும் உண்டா, இல்லையா? உண்டு என்றால் அவருக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? வயல் வேலையை விட்டுவிட்டு அவர் பட்டணத்து நூலகத்துக்கு வர முடியுமா?

1928-ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராக இருந்து ஊர் ஊராக இந்தக் கேள்வியை ரங்கநாதன் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே மேலவாசல் என்ற கிராமத்தில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இருந்தார். அவர் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக்கினார். வண்டிக்குள் புத்தகம் அடுக்கத் தட்டுகள். தட்டு நிறையத் தமிழ்ப் புத்தகங்கள். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த நடமாடும் நூலகம் கிளம்பியது. நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிப்போகும் வண்டியைப் பார்த்துப் பழகிய ஜனங்கள், புத்தகம் ஏற்றிக்கொண்டு சலங்கை குலுங்க வரும் வண்டியை முதல்முறை பார்த்தபோது எப்படி விழித்திருப்பார்கள்! இன்று வேன்களில் வரும் நடமாடும் நூலகத்தை நீங்கள் பார்த்தால், அதற்குத் தாத்தா இந்த மாட்டு வண்டிதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் ரங்கநாதன் விட்டுவிடவில்லை. அவர்களுக்கு நூலகமே படித்துக் காட்ட வேண்டும் என்றார். இது எவ்வளவு தேவையான யோசனை என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், களை பறித்த பெண்கள் எல்லாரும் ராத்திரி விளக்கில் அ, ஆ கற்றார்கள்; சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் எழுத்தைக் கற்றால் மட்டும் போதாது. படிப்பதற்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கற்ற எழுத்து கொஞ்ச நாளில் மறந்துபோகும். கூட்டெழுத்து வரைக்கும் வந்தவர்கள் சில வருடங்களில் பழையபடி கைநாட்டுக்குத் திரும்பியதும் உண்டு.

ரங்கநாதனுக்கு இன்னொன்றும் புரிந்திருந்தது. ஒரு நல்ல மனிதர் வண்டி விடுவார். அவருக்குப் பிறகு? மாடு கிழடாகும், வண்டி உடையும், புத்தகம் பழசாகும். யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் நூலகம் நடக்க வேண்டுமென்றால் அதற்குச் சட்டம் வேண்டும், பணம் வர ஒரு வழி வேண்டும். 1930-ஆம் ஆண்டே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வைத்தார். 1933-ஆம் ஆண்டு பஷீர் அகமது சயீத் என்ற உறுப்பினர் சென்னைச் சட்டசபையில் நூலக மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ரங்கநாதன் சோர்ந்துபோகவில்லை. பார்க்கும் மந்திரிகளிடமெல்லாம் இதையே பேசினார். கடைசியில் அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். பதினெட்டு வருடப் பொறுமை!

அதே 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதம்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. ராஜா ஆண்ட ஊர் ஜனநாயகத்துக்குள் வந்த வருடமும், நூலகம் சட்டப்படி ஜனங்களுக்குச் சொந்தமான வருடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதற்கிடையில் ரங்கநாதன் 1945-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக வேலையை விட்டிருந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே குவிந்துகிடந்த சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை ஒன்றரை வருடத்தில் பகுத்து ஒழுங்குபடுத்தினார். பிறகு டில்லி, அதன்பின் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரம், கடைசியில் பெங்களூர். 1957-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது. 1965-ஆம் ஆண்டு தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பட்டம். கணக்கை மட்டும் மறக்கவில்லை. கணித மேதை ராமானுஜத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

தமக்கென்று அவர் செலவு செய்துகொண்டது மிகக் குறைவு. சேர்த்து வைத்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை நூலகக் கல்விக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதற்குத் தம் மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து வைத்தார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். ஆகஸ்டு 12-ஆம் தேதியை நாம் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவருடைய நினைவாகத்தான். அன்றைக்கு உங்கள் ஊர் நூலகருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்.

அவர் மறைந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆன பிறகு, 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் திருநாளன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. பின்னர் அதற்கென்று தனியாக நூலக ஆணைக்குழுவும் வந்தது. இப்போது ஊருக்குள் இருக்கும் நூலகங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா?

அதற்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் அப்பா வீட்டு வரி கட்டிய ரசீது இருக்கும். பீரோவிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ பத்திரமாக வைத்திருப்பார். அதை வாங்கிப் பாருங்கள். வீட்டு வரிக்குப் பக்கத்தில் நூலக வரி என்று போட்டிருக்கும். ஒரு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்துப் பைசா. வீட்டு வரி 300 ரூபாய் என்றால் நூலகத்துக்கு எவ்வளவு? மனக்கணக்காகச் சொல்லுங்கள் பார்க்கலாம்! மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார், ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். அன்று ரங்கநாதன் எழுதி வைத்த யோசனைதான் அந்த ரசீதில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. ரசீதைப் பார்த்த பிறகு, இதுவரை உங்கள் வீட்டிலிருந்து யாராவது நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார்களா என்று அப்பாவையும் அம்மாவையும் கேளுங்கள்.